வான்கோழியைக் கூப்பிடும் எலும்புக் குழல்

வசந்தத்தில் அமெரிக்கக் காடுகளுக்கு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர், மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்புவார். இணை தேடும் சேவல் அதைக் கேட்டுக் கிட்டே வரவேண்டும். இந்தக் குரலுக்கு மரப்பெட்டி, குச்சியால் தேய்க்கும் சிலேட்டு, வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் ரப்பர் சவ்வு என்று பல கருவிகள் உண்டு. பெட்டி வகைக்கு ஆர்கன்சா மாநிலத்து ஹென்றி கிப்சன் காப்புரிமை வாங்கியது 1897-இல். அதற்கு வெகு முன்பே பூர்வகுடிகள் வான்கோழியின் சிறகெலும்பிலேயே குழல் செய்தார்கள். இன்றைய வேட்டைக்காரர்கள் அதை ‘விங்போன்’ என்கிறார்கள். குழல் என்றதும் ஊதத் தோன்றும். இதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.

ஒரு சிறகில் நமக்கு வேண்டியவை மூன்று எலும்புகள். பென்சிலைவிட மெலிந்தது ரேடியஸ். அதுதான் வாயில் வைக்கும் முனை. அதோடு ஒட்டிப் போகும் தடித்த எலும்பு அல்னா. இறகுகள் பதிந்த இடத்தில் வரிசையாகச் சிறு முண்டுகள் இருக்கும், தடவினாலே தெரியும். தோளையொட்டிய ஹியூமரஸ், ஒலி வெளியேறும் வாய். பெட்டையின் எலும்பே மேல். உள்துளை குறுகலாக இருப்பதால் குரல் மெல்லியதாக வரும். சேவலின் எலும்பில் கரகரத்த தடித்த குரல்தான் கிடைக்கும். வசந்தத்தில் பெரும்பாலான மாநிலங்களில் தாடி (மார்பில் தொங்கும் மயிர்க்கற்றை, பெரும்பாலும் சேவலுக்கே உண்டு) முளைத்த பறவையை மட்டுமே சுடலாம் என்பதால், பெட்டை எலும்பு பெரும்பாலும் அனுமதியுள்ள மாநிலங்களின் இலையுதிர்கால வேட்டையிலிருந்துதான் வரும். கறிக்கடைச் சிறகிலும் செய்யலாம். ஆனால் இளம் பறவையின் எலும்பு முற்றியிருக்காது, ராவும்போது நார்நாராகப் பிரியும்.

சதையை வழித்ததும் எலும்பு முனைகளை அறுத்துவிட வேண்டும். அப்போதுதான் வேகும்போது மஜ்ஜை வெளியேறும். மெல்லிய பல் ரம்பம் போதும். அறுக்கும் இடத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டால் சிதறாது. கட்டிங் பிளேயரால் நறுக்கினால் நீளவாக்கில் விரிசல் ஓடிவிடும். எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் அவசியம்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்ட நீரில், கொதிக்க விடாமல் இளந்தீயில் ஒரு மணி நேரம் போல வேகட்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் ஏறிக்கொள்ளும், எலும்பும் பொருபொருக்கும். வெந்ததும் கம்பியோ பைப் கிளீனரோ விட்டு உள்ளே வழிக்கவும். ஹியூமரஸுக்குள் மஜ்ஜைக்குப் பதில் குறுக்கும் நெடுக்குமாக எலும்பு இழைகள் இருக்கும். சன்னமான உருண்டை அரத்தால் அவற்றை உடைத்தெடுக்க வேண்டும். அடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் ஊறட்டும். துணிக்குப் போடும் பிளீச் வேண்டவே வேண்டாம்; அது எலும்பின் பசையையே தின்றுவிடும். அவசரப்பட்டவர்களின் குழல் சில வாரங்களில் மஞ்சள் திட்டுப் பூத்து நாற்றமெடுப்பது இந்தக் கட்டத்தில் கொழுப்பை விட்டுவைத்ததால்தான்.

இனிப் பொருத்துவது. ரேடியஸின் தட்டையான முனை உதட்டுக்கு, உருண்டையான முனை அல்னாவுக்குள் கால் அங்குலம் போல. அல்னாவின் மறுமுனை ஹியூமரஸுக்குள். துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் இடைவெளி விழும். உள்ளே போகும் முனையில் நூலைச் சுற்றிப் பருமனாக்கி இறுக்கலாம். உடனே எபாக்சி பசையை எடுக்காதீர்கள். முதலில் தேன்மெழுகால் மூட்டை அடைத்து ஒலி எழுப்பிப் பாருங்கள். குரல் கட்டையாக இருந்தால் ஹியூமரஸின் வாய்ப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து நீளத்தைக் குறைக்கலாம். ஒட்டிய பிறகு எலும்பை மாற்ற வழியில்லை. சரியானதும் மெழுகைத் துடைத்துவிட்டு எபாக்சி, அதன்மேல் நூல் கட்டு. பசை உள்துளைக்குள் வழிந்தால் குரல் அடைத்துப்போகும். காய்ந்ததும் அகன்ற வாயை உள்ளங்கையால் பொத்தி மறுமுனையை உறிஞ்சினால், கை கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வாவிட்டால் மூட்டில் காற்று கசிகிறது. எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் கசியும் குழல் வெறும் அலங்காரப் பொருள்தான்.

வாசிக்க, உதடுகளைக் குவித்து முனையை லேசாக வைத்து, முத்தமிடுவதுபோல ‘இச்’ என்று இழுக்க வேண்டும். அதிர்வது உதடு, எலும்பு அதைப் பெருக்குவதோடு சரி. ‘யெல்ப்’ என்னும் குரல் உயரத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே உடையும். இழுக்கும்போதே தாடையைத் தாழ்த்தினால் அந்த உடைவு வரும். ‘உஸ்’ஸென்று காற்று மட்டும் போனால் முனை வாய்க்குள் அதிகமாகப் போயிருக்கிறது. ஒரே சுரத்தில் கீச்சிட்டால் இழுப்பு பலமாக இருக்கிறது. குழலின் அகன்ற வாயைக் கையால் பொத்தி, அந்தக் கையைத் திறந்து மூடினால் குரல் தூரம் போவதும் தணிவதும் நம் வசம். ‘பர்’ என்ற உறுமலுக்கு மட்டும் இந்தக் குழல் தோதுப்படாது, அதற்குச் சிலேட்டுதான்.

குழலைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிடலாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் எபாக்சி இளகி மூட்டு கசியத் தொடங்கும்.