அப்புச்சி வாட்ச்சை சர்வீஸ் பண்ணுன கதை

என்ற அப்புச்சியோட (அம்மாவோட அப்பா) ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் போன வருஷம் எனக்கு வந்துச்சுங்க. ஆட்டோமேட்டிக், உள்ள ஓடற மெஷின் 565 மூவ்மென்ட், தேயாம இருக்க 24 ஜுவல் (சின்னக் கல்லு), மூடிய கழட்டுனா செம்புக் கலர்ல மின்னும். நாளைக்கு ஒரு நிமிஷம் பின்னாடி போகும், பழைய வாட்ச்தானன்னு கட்டிக்கிட்டே திரிஞ்சேன். ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு நாளைக்கு ஏழெட்டு நிமிஷம் முன்னாடி ஓட ஆரம்பிச்சுருச்சு.

கோயமுத்தூர் டவுன்ல ஒரு கடைல குடுத்தேன். மூடியத் தொறந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். "பேலன்ஸ் செட்டே, அதான் உள்ள ஆடற சக்கரமும் ஸ்பிரிங்கும் போச்சுங்க, மாத்தோணும், 18 ஆயிரம் ஆகும், டயலும் மங்கிப்போச்சு, பெயின்ட் அடிச்சு கேஸ பாலிஷ் போட்டு புதுசாட்டத் தந்தர்றேன்"னாரு. அந்தப் பெயின்ட் பேச்சுலயே எனக்கு மனசு விட்டுப்போச்சு. பழைய ஒமேகால டயல திருப்பி எழுதுனா மதிப்பே போயிரும், மங்கலோ மஞ்சளோ அப்படியே இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

பொறவு ஒரு சிநேகிதன் சொல்லி ஈரோட்டுல ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவரு வாட்ச்சையே தொடல, முதல்ல "தம்பி என்ன வேலை பாக்கறீங்க?"ன்னாரு. கோயமுத்தூர் கணபதில லேத் பட்டறைங்க, சர்ஃபேஸ் கிரைண்டர்ல நிக்கறேன்னேன். சிரிச்சுப்போட்டு டிராயர்ல இருந்து ஒரு சின்ன காம்பஸ எடுத்து வாட்ச் பக்கத்துல வெச்சாரு, முள்ளு திரும்பிக்கிச்சு. கிரைண்டர்ல ஜாப்பப் புடிக்கற மேக்னடிக் சக் இருக்குதில்லீங்க, அதுமேல கைய வெச்சு வெச்சு பேலன்ஸ ஆட்டற முடியாட்ட மெல்லிசான ஹேர்ஸ்பிரிங்ல காந்தம் ஏறிருக்கு. சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங் நீளம் கொறஞ்ச மாதிரி ஆயிரும், பேலன்ஸ் வேகமா ஆடும், வாட்ச் முன்னாடி ஓடும். அவரு டீமேக்னடைசர்ல ஒரு நிமிஷம் காட்டி எடுத்தாரு, முடிஞ்சுது. ஜாப்புல காந்தம் எறக்க எங்க பட்டறைலயும் ஒண்ணு கெடக்குது, இதுக்கு எனக்கு மூளை வேலை செய்யல பாருங்க.

ஆனா அத்தோட விடல. டைம்கிராஃபர்ல, அதான் டிக்டிக் சத்தத்த வெச்சு ஓட்டத்த அளக்கற மெஷின்ல வெச்சாரு, மணிக்கு 19,800 பீட்டுக்கு செட் பண்ணி. நாளைக்கு 50 செகண்ட் பின்னாடி, ஆம்ப்ளிட்யூட், அதான் பேலன்ஸ் ஆடற அளவு, 190 டிகிரிதான், நல்லா இருந்தா 270க்கு மேல வரோணுமாம். எண்ணெய் காஞ்சு கெடக்குது, இப்படியே ஓட்டுனா பிவட் (சக்கரத்தோட அச்சு முனை) தேஞ்சுரும்னு சொன்னாரு. சரீங்க பண்ணிருங்கன்னு குடுத்துட்டு வந்தேன், டயல், கேஸ் ரெண்டையும் தொடக்கூடாதுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுத்தான். அவரு மொறைச்ச மொறையப் பாத்தா சொல்லியே இருக்க வேண்டாம்.

அஞ்சு வாரம் ஆச்சுங்க. மொத்தமா பிரிச்சு அல்ட்ராசோனிக்ல கழுவி, வாட்ச்ச ஓட்டற மெயின் ஸ்பிரிங்கும், தண்ணி தூசி புகாம இருக்கற கேஸ்கெட்டும் மட்டும் புதுசு. எண்ணெய் ஒரே ரகம் இல்லியாம், பேலன்ஸ் ஜுவலுக்கு மோபியஸ் 9010, சக்கரத்த விட்டு விட்டுப் புடிக்கற பேலட் கல்லுக்கு 9415, மெயின் ஸ்பிரிங் இருக்கற பேரல் டப்பா செவுத்துக்கு தனி கிரீஸ், அது தப்பாப் போச்சுன்னா ஆட்டோமேட்டிக்ல ஸ்பிரிங் வழுக்கிக்கிட்டே இருக்குமாம். வாங்கறப்ப திருப்பி மெஷின்ல வெக்கச் சொல்லிப் பாத்தேன்: 285 டிகிரி, 6 செகண்ட் முன்னாடி. பழைய ஸ்பிரிங்கையும் கவர்ல போட்டுக் குடுத்தாரு. 9,500 ரூவா.

இப்ப கிரைண்டர் பக்கம் போறதுக்கு முந்தியே கழட்டி சோத்துப் பைல போட்டுருவேன். போன வாரம் வீட்டுல "ஏனுங்க, அந்தப் பைல பட்டனே காந்தந்தானுங்க"ங்கறா.