ஈவென்சுவலி ஒரு கார் வந்தது

ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு அத்தை வீட்டு வாசலில் கார் வந்து ஹாரன் அடித்ததில் நாய்கள் உட்படத் தெருவே எழுந்துவிட்டது. எழாதது பாரீஸ் அத்தான் மட்டும்தான். அவருக்குத்தான் கார். அவருக்கு விமானம் திங்கட்கிழமை.

டிராவல்ஸ்காரர் மேல் குற்றமே இல்லை. மனிதர் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். 'வீ வில் ஈவென்சுவலி நீட் தி கார் ஆன் சண்டே அட் த்ரீ ஏ.எம்.' என்று அத்தான் அனுப்பிய மெசேஜை இலக்கணப்படி சரியாகப் படித்துவிட்டார். அதுதான் வினை. பாதி இங்கிலீஷ் தெரிந்தவர் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார்.

அத்தான் மனதில் ஓடியது பிரெஞ்சு எவாந்துயெல்மான். 'தேவைப்பட்டாலும் படலாம், பார்ப்போம்' என்று அர்த்தம். இங்கிலீஷ் ஈவென்சுவலி அப்படியில்லை: கொஞ்சம் தாமதமானாலும் கடைசியில் நடந்தே தீரும். 'இது நடக்காமலே போகலாமா?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். போகலாம் என்றால் மேபி, பாசிப்ளி. போகாது என்றால்தான் ஈவென்சுவலி. வெயிட்டிங் சார்ஜை யார் கொடுப்பது என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

இதன் உடன்பிறப்பு ஆக்சுவலி. பிரெஞ்சு அக்துயெல்மானுக்கு 'தற்சமயம்' என்று பொருள். அதற்கு இங்கிலீஷில் கரண்ட்லி. ஆக்சுவலி என்றால் 'உண்மையைச் சொன்னால்'. எதிர்வீட்டு மாமாவிடம் அத்தான், 'ஆக்சுவலி, ஐ வொர்க் இன் எ பேங்க்' என்றார். மாமா அன்று மாலையே அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்போ இத்தனை வருஷமா பேங்க்னு சொன்னது பொய்யா?" என்று விசாரித்தார்.

முகம் ஒன்று, குணம் வேறு என்கிற இந்தச் சொற்களுக்குப் பிரெஞ்சில் 'பொய் நண்பர்கள்' என்று பெயர். மாக்சிம் கோஸ்லெர், ஜூல் தெரொக்கின்யி என்ற இருவர் 1928-ல் போட்ட புத்தகத்தால் நிலைத்த பெயர். பிரெஞ்சில் ஃபோசாமி என்பார்கள். அத்தை காதில் அது 'போ சாமி' என்றுதான் விழுகிறது, அதுவும் பொருத்தமே. 1066-ல் நார்மண்டிப் படை இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து பிரெஞ்சுச் சொற்கள் அங்கே குடியேறிக்கொண்டே இருந்தன. வாக்கப்பட்டுப் போன பெண் மாதிரி, போன வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது. பிறந்த வீட்டுக்காரர் வந்து பழைய உரிமையில் பேசினால் இப்படித்தான்.

அதிகமாகச் சிரிக்க வைத்தது மாங்காய் ஊறுகாய். அத்தானின் பையன் கத்ரியேம் படிக்கிறான், நம் கணக்கில் எட்டாவது. பாட்டில் மேல் 'நோ ப்ரிசர்வேட்டிவ்ஸ்' என்று படித்தவன் தயிர்சாதம் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான். பிரெஞ்சில் ப்ரெசெர்வத்தீஃப் என்றால் ஆணுறை. ஊறுகாயில் அது இல்லை என்று ஒரு கம்பெனி பெருமையாக அச்சடித்திருக்கிறது! கெடாமல் இருக்கச் சேர்க்கும் சரக்குக்கு அங்கே கோன்செர்வத்தேர் என்று பெயர். "எதுக்குடா சிரிக்கிற?" என்று அத்தை கேட்டதற்கு, மூன்று மொழி பேசுகிற அந்த வீட்டில் ஒருவருக்கும் எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை.

ஆனால் இந்த ரகத்தால் ஆபத்து கிடையாது. ஒருமுறை சிரித்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. கழுத்தறுப்பது இன்னொரு ரகம்: பிரெஞ்சில் ஒரே சொல் இருக்கும், இங்கிலீஷ் அதை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கும். கான்யே என்றால் ஜெயிப்பதும் அதுவே, சம்பாதிப்பதும் அதுவே. 'ஐ வின் த்ரீ தவுசண்ட் யூரோஸ் எவ்ரி மன்த்' என்று அத்தான் சொன்னதிலிருந்து, லாட்டரிச் சீட்டு எங்கே வாங்குகிறார் என்று தெருவில் பேச்சு. அப்ராந்த்ர் என்றால் கற்பதும் கற்பிப்பதும். ஆகவே பையனுக்குப் பாட்டி, அதாவது நம் அத்தை, தோசை வார்க்கக் 'கற்றுக்கொள்கிறாள்'. லேர்ன் எங்கே, டீச் எங்கே!

பிரெஞ்சில் 'அவனுடைய', 'அவளுடைய' என்பது உடையவரைப் பார்க்காது, பின்னால் வரும் சொல்லின் பாலைப் பார்க்கும். மனைவி பெண்பால், அதனால் சா ஃபாம். பையன் அப்படியே தூக்கிப் போட்டு 'மை அங்கிள் அண்ட் ஹெர் வைஃப்' என்கிறான். போதாததற்கு 'மை கிராண்ட்மதர் இஸ் எ குட் குக்கர்' வேறு. டீச் பண்ணுகிறவர் டீச்சர் என்றால் குக் பண்ணுகிறவர் குக்கர்தானே என்பது அவன் நியாயம். லண்டனில் குக்கர் என்றால் அடுப்பு. இங்கே அத்தை மூன்று விசில் அடித்து அடங்குவார் என்று சித்தப்பா சொல்லிவிட்டு அன்று காபி இல்லாமல் போனார்.

இதற்கெல்லாம் மருந்து வீட்டிலேயே இருக்கிறது, அதை எடுக்கத்தான் ஆளில்லை. ஜெயித்தேனா, சம்பாதித்தேனா? கற்றுக்கொண்டேனா, கற்றுக்கொடுத்தேனா? அவனா, அவளா? முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தால் இங்கிலீஷ் தானாகப் பிரிந்து நிற்கும். பாரீஸில் பிறந்த பையனுக்கு நல்ல தமிழ் இருக்கிறது. இங்கிலீஷ் பேசும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறான்.

தமிழும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு: சின்ஸ், ஃபார். தொடங்கிய புள்ளிக்குச் சின்ஸ் (சின்ஸ் மண்டே), ஓடிய நீளத்துக்கு ஃபார் (ஃபார் த்ரீ வீக்ஸ்). பிரெஞ்சில் இரண்டுக்கும் தெப்புயி. வினையும் நிகழ்காலத்திலேயே நிற்கும். நாமும் 'மூணு வாரமா இங்கதான் இருக்கேன்' என்றுதான் சொல்கிறோம். ஆக, 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ வீக்ஸ்' என்று பையன் சொன்னால் தெருவில் ஒருவரும் திருத்துவதில்லை. 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார்' என்று அந்த வாத்தியார் திருத்தினதற்கு, முனை டிபன் கடை போர்டைக் காட்டினான். 'சர்விங் யூ சின்ஸ் 25 இயர்ஸ்.' அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். அங்கே இருபதுக்குத்தான் மார்க்; அதில் பாரீஸ் டீச்சர் குறைத்தால் காட்ட ஆதாரமாம்.