மாசி வீதியைத் தோண்டும்போது கடை வாசலை மறக்காதீர்கள்

மதுரை மாசி வீதிகள் போன்ற பழைய கடைத்தெருவில் வடிகாலும் கேபிளும் புதிதாகப் போட வேண்டியதுதான். ஆனால் தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டினால், சிறு கடைக்காரர் கல்லா காலியாகிவிடும். ஐம்பது மீட்டர் நீளம், அதிலும் பாதி அகலம் மட்டும் திறந்து, மூடிய பிறகே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

பழைய குடிநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. முதலில் கையால் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். ஜேசிபி பல் பட்டுக் குழாய் உடைந்தால் பள்ளமும் நிரம்பும், பக்கத்துக் கடைகளுக்கும் தண்ணீர் நின்றுபோகும்.

ஒவ்வொரு வாசலுக்கும் கைப்பிடியுள்ள இரும்புப் பலகை வேண்டும். ஆடும் மரப்பலகையில் வயதானவர்கள் கால் வைக்கவே மாட்டார்கள். சரக்கு இறக்க இரவு நேரம் ஒதுக்குங்கள்.

மிகப் பெரிய தவறு தெருவின் உயர மட்டத்தில்தான் நடக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே கல் பதித்தால், தெரு கடைப்படியைவிட உயர்ந்து, முதல் மழையிலேயே துணிக்கட்டுகள் நனையும். வேலைக்கு முன்பே ஒவ்வொரு படியின் மட்டத்தையும் அளந்து குறித்து வையுங்கள்.

பள்ளத்தை 20 செ.மீ. அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். சித்திரைத் தேர் இந்த வீதிகளில்தான் உருளும். இறுகாத மண் அந்தப் பாரத்தைத் தாங்காது. தேருக்கு முன்பும் தீபாவளி வியாபாரத்தின்போதும் புதுப் பள்ளம் தோண்டவே கூடாது.