இஸ்தான்புல்: வங்கித் தெருவிலிருந்து கடன் மாளிகை வரை

கலாட்டா கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்ட கையோடு பலரும் இந்தப் பகுதியை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கோபுரத்துக்குக் கீழே சரிவில் இறங்கினால் பாங்கலார் ஜாத்தேசி, அதாவது வங்கித் தெரு வரும். உதுமானியப் பேரரசு எப்படிக் கடனில் மூழ்கியது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இஸ்தான்புல்லில் இல்லை என்பேன்.

தெருவில் முதலில் கண்ணில் படுவது 1892இல் கட்டிய உதுமானிய வங்கி. தெருவைப் பார்த்த முகப்பு அசல் ஐரோப்பிய வங்கி போல இருக்கிறது. பின்பக்கம், பழைய நகரத்தைப் பார்த்த முகப்போ கீழைநாட்டு பாணி. இரண்டையும் வரைந்தவர் வல்லோரி என்ற ஒரே கட்டடக் கலைஞர்தான். பேரரசின் பணத்தாளை அச்சிட்டு வெளியிடும் உரிமை இந்த வங்கியிடம் இருந்தது, ஆனால் முதலீடு போட்டவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும். இப்போது இது சால்ட் கலாட்டா என்ற பண்பாட்டு மையம். கீழே பழைய இரும்புப் பெட்டகத்துக்குள்ளேயே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பணத்தாள்கள், ஊழியர் கோப்புகள், வாடிக்கையாளர் புகைப்படங்கள் என்று பார்க்க நிறைய உண்டு. அந்த முகங்களில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், துருக்கியர் எல்லோரும் இருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

அப்புறம் கலாட்டா பாலத்தைக் கடந்து, பழைய நகரத்தில் இருக்கும் ஜாலோலு மேட்டில் ஏறினேன். அங்கே ஒரு பெரிய மாளிகை. அதையும் வல்லோரிதான் கட்டினார். கிரிமியப் போருக்காக 1854இல் முதல் வெளிநாட்டுக் கடனை வாங்கிய பேரரசு, மேலும் மேலும் வாங்கி, 1875இல் வட்டியைக்கூட முழுசாகக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1881இல் கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகளே சேர்ந்து ஒரு நிர்வாகம் அமைத்தார்கள். உப்பு, புகையிலை, பட்டு, மீன், மது, முத்திரைத்தாள் ஆகியவற்றின் வருவாய் அவர்கள் கைக்குப் போனது. இந்த மாளிகை அவர்களின் தலைமையகம். புகையிலை ஏகபோகம் ரெஜி என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போக, விளைந்ததை ஒளித்து விற்ற விவசாயிகள் அதன் ஆயுதக் காவலர்களின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சொந்த நிலத்தில் விளைந்த இலைக்காக உயிரை விட்டவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்று அந்த மாளிகை ஒரு மேல்நிலைப்பள்ளி. வசூல் அலுவலகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தது, பேரரசுக்குப் பின் வந்த துருக்கிக் குடியரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. 1925இல் விவசாயிகளை வாட்டிய தசம வரியை, அதாவது விளைச்சலில் ஒரு பங்கைப் பிடுங்கும் வரியை ஒழித்தது, ரெஜியை அரசே எடுத்துக்கொண்டது. புதிய துருக்கியை உலக நாடுகள் ஏற்ற 1923ஆம் வருஷத்து லோசான் ஒப்பந்தத்துக்குப் பிறகு தன் பங்குக்கு வந்த பழைய கடனைக் கட்டிக்கொண்டே வந்து, கடைசித் தவணையை 1954இல் செலுத்தியது. சரியாக நூறு வருஷம்!

ஆனால் குடியரசின் கணக்கில் 1942ஆம் வருஷமும் உண்டு. அன்று போட்ட சொத்து வரி முஸ்லிம் அல்லாத வணிகர்கள் மீது பல மடங்கு அதிகமாக விழுந்தது. மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாதவர்களை அர்சுரூம் பக்கம் அஷ்காலே முகாமுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். கடைகளும் வீடுகளும் ஏலத்துக்குப் போயின. 1944இல் வரியை ரத்து செய்தாலும், கைமாறிய சொத்துகள் பெரும்பாலும் கைமாறியவைதான். அந்நியக் கடனிலிருந்து மீண்ட நாடு தன் சொந்தக் குடிமக்களுக்கு இதைச் செய்திருக்கவே கூடாது.

போகிறவர்களுக்கு: சால்ட் கலாட்டாவில் நுழைவு இலவசம், கராக்கோய் டிராம் நிறுத்தத்திலிருந்து நடந்தே போகலாம். பள்ளியை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.