சல்லியன் வேடத்துக்கு ஆறு மாதம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற பக்கமாகிய படுவான்கரையில் பிறந்தவன் நான். என்றாலும் 36 வயது வரை, கூத்தாடும் வட்ட அரங்காகிய எங்கள் ஊர்க் களரியில் ஒரு நாளும் ஏறியதில்லை. நான் சிறுவனாக இருந்த காலம் போர்க்காலம். இரவில் வெளியே நடமாடுவதே ஆபத்தாக இருந்த ஆண்டுகளில், விடிய விடிய ஊரே கூடியிருந்து பார்க்க வேண்டிய ஒரு கலையை யாரால் நடத்த முடியும்? பாட்டனார் வயலில் முணுமுணுத்த விருத்தங்களைக் கேட்டிருந்தேனே தவிர, அவற்றுக்கான ஆட்டத்தை நான் அறிந்திருக்கவில்லை. ஆகவே சென்ற கார்த்திகையில், விதைப்பு முடிந்த கையோடு, பாரதப் போர்க் கூத்தாகிய பதினெட்டாம் போரை, எங்கள் பகுதிக் கூத்து மரபுகளில் ஒன்றாகிய வடமோடியில் ஆடுவதென்று ஊரவர்கள் தீர்மானித்தபோது நானும் பெயர் கொடுத்தேன். அன்று தொடங்கிச் சித்திரை வரை கொப்பியில் எழுதி வந்த குறிப்புகளிலிருந்து, கூத்துப் பழக எண்ணுவோருக்கு உதவக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

கூத்துக்கு ஆள் தெரிந்து வேடம் வழங்குவதை எங்கள் பகுதியில் சட்டம் கொடுத்தல் என்பார்கள். ஒரு பாத்திரத்துக்குரிய பாட்டுகளும் வசனங்களும் எழுதப்பட்ட பகுதியே சட்டம் எனப்படும். கோயில் முன்றிலில் பாய் விரித்து, வெற்றிலை வைத்து, கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானாகிய அண்ணாவியாரும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவராக முன்னே சென்று தெரிந்த ஒரு பாட்டைப் பாடினோம். எனக்குத் துரியோதனன் மீது ஆசை. உயரம் இருக்கிறது, குரலும் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அண்ணாவியார் பாட்டை இரண்டு அடிகளோடு நிறுத்திவிட்டு, களரி போடவிருந்த இடத்தை மூன்று முறை சுற்றி நடந்து வந்து, அதே பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடருமாறு சொன்னார். மூச்சு வாங்கியதால் மூன்றாம் அடியில் சுருதி இறங்கிவிட்டது. "குரல் காணும் மகன், மூச்சுத்தான் காணாது" என்று சொல்லிச் சல்லியனின் சட்டத்தை என் கையில் தந்தார். துரியோதனன் என்னை விடக் கட்டையான, ஆனால் நாள் முழுவதும் வயலில் மண்வெட்டி பிடிக்கின்ற ஒருவருக்குப் போனது. அந்தத் தெரிவு எவ்வளவு சரியானது என்பதை அவர் களரியில் நான்கு மணி நேரம் நின்று ஆடியதைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

சல்லியன் சின்ன வேடம் என்று முதலில் நினைத்தது என் அறியாமை. மத்திர நாட்டு மன்னனாகிய அவன் மாத்திரியின் உடன்பிறந்தவன். நகுலனுக்கும் சகாதேவனுக்கும் தாய்மாமன். பாண்டவர்க்குத் துணையாகப் படையோடு புறப்பட்டவன், வழியில் துரியோதனன் செய்த உபசாரத்தை ஏற்று, கொடுத்த வாக்குக்காக எதிர்ப்பக்கம் நின்றவன். பதினேழாம் நாள் கர்ணனுக்குத் தேரோட்டி, பதினெட்டாம் நாள் கௌரவ சேனைக்குத் தலைவனாகி, தருமரின் வேலுக்கு இரையாகிறான். மருமக்களோடு போர் செய்யும் ஒரு மாமன் களரிக்குள் எப்படி வருவான் என்பதே ஆறு மாதமும் எனக்கிருந்த கேள்வி. வீரத்தோடு வர வேண்டும் என்பது, பாத்திரம் களரிக்குள் வரும்போது அடிக்கும் வரவுத்தாளத்திலேயே இருக்கிறது. துயரத்தை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. அண்ணாவியார் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தாளத்தை முதலில் பிடி, மற்றதெல்லாம் பிறகு வரும் என்பது போல, முதல் ஆறு கிழமைகளும் மத்தளத்துக்குக் கால் வைக்க மட்டுமே பழக்கினார்.

இனி மூச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பட்ட பாட்டில் பாதி அதற்குத்தான். வடமோடியில் ஆடுபவரே பாட வேண்டும். நான் ஓர் அடியைப் பாடி விட்டதும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் பாடுகின்ற நேரம் முழுவதும் நான் ஆட வேண்டும். அவர்கள் முடித்ததும் தாளம் தீர்ந்து, அடுத்த அடியை நான் எடுக்க வேண்டும். அந்த எடுப்பில்தான் நான் தொடர்ந்து தவறினேன். ஆட்டத்தின் இறுதியில் வேகம் கூடுவதால் மூச்சு நெஞ்சில் நின்று விடும். பாட்டின் முதற்சொல் காற்றாக வெளியேறும். மார்கழி மழையில் பயிற்சிக் கொட்டிலின் கூரை ஒழுகிய இரவுகளில் இதே இடத்தை இருபது, முப்பது தடவை திரும்பச் செய்து பார்த்தேன். கடைசியில் மத்தளக்காரர்தான் வழி காட்டினார். தாளம் தீர்வதற்கு முந்திய மிதிகளில் உடம்பைச் சற்றுத் தாழ்த்தி மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டால், கடைசித் 'தெய்' விழும்போது நிமிர்கின்ற நிமிர்விலேயே காற்று தானாக உள்ளே வந்துவிடும் என்றார். மறுநாள் காலையில் வாய்க்கால் வரம்பில் நடந்து கொண்டே அதைப் பழகினேன். பதினொரு நாட்களில் எடுப்பு சீரானது. இதைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். தவறி, தவறி அந்த இடத்தை என் உடம்பு அறிந்திருந்ததால்தான் அவர் சொன்ன ஒரு வார்த்தை பயன்பட்டது.

மாசியில் அறுவடைக்காகப் பயிற்சியை நிறுத்தினோம். பங்குனி தொடக்கத்தில் நல்ல நாள் பார்த்துச் சதங்கை அணிந்தோம். அண்ணாவியார் ஒவ்வொருவர் சதங்கையையும் பூசையில் வைத்து எடுத்துக் கையில் தர, அவர் காலைத் தொட்டு வணங்கிக் கட்டிக்கொண்டோம். சதங்கை ஒரு கண்டிப்பான ஆசிரியர். வெறுங்காலில் ஆடும்போது அரை மிதி பிந்தினாலும் யாரும் அறிய மாட்டார்கள். சதங்கை கட்டிய பிறகு பிழை ஊருக்கெல்லாம் கேட்கும். முதல் இரவில் என் வலக்கால் எப்போதும் ஒரு நூல் பிந்துவதைக் கண்டுகொண்டேன். ஆறு கிழமை செய்தும் நான் அறியாத குறை அது. அதன் பின் கிழமைக்கு ஓரிரவு ஊரார் முன்னிலையில் நடந்த கிழமைக் கூத்துகளில், வலது அடியைச் சற்று முந்தி எடுப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டேன்.

அடுக்குப் பார்த்தல் என்பது அரங்கேற்றத்துக்கு முன், உடுப்பில்லாமல் முழுக் கூத்தையும் ஒரே இரவில் ஆடிப் பார்ப்பது. அன்று வந்திருந்த முதியவர்களில் பலர் பாட்டை எங்களை விட நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு பெரியம்மா என் விருத்தத்தில் ஒரு சீர் விடுபட்டதை எழுந்து நின்று சொல்லித் திருத்தினார். பெண்களுக்குச் சட்டம் கொடுக்காத வழக்கத்தில் வளர்ந்த அவர் அதை எப்படிப் பாடமாக்கினார் என்று கேட்டதற்கு, கணவருக்குச் சொல்லிக் கொடுத்தே பாடமானது என்றார். திரௌபதியை இம்முறையும் ஓர் இளைஞரே ஆடினார், அழகாகவே ஆடினார். ஆயினும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பெண்கள் கூத்தாடுகின்ற இக்காலத்தில் எங்கள் ஊரும் அடுத்த தடவை பெண்களுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும் என்று பொறுப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.

உடுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரம்பு வளையங்களால் விரித்த கரப்புடுப்பு, முடி, தோளில் அணியும் புயக்கிரீடம், மார்புப் பதக்கம் எல்லாம் அணிந்த பிறகு உடம்பின் அகலமே மாறிவிடுகிறது. கை எட்டும் தூரம் என்று பழகிய இடைவெளி போதாமல் போகிறது. அரங்கேற்றத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன் பழைய சாக்குகளை இடுப்பில் கட்டிக்கொண்டு போர்க்காட்சியை ஆடிப் பார்த்தோம். அந்த ஓர் ஒத்திகை இல்லாவிட்டால் நானும் தருமரும் மோதியிருப்போம்.

வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் நிற்க, அவர்களைச் சுற்றித்தான் நாங்கள் ஆடுகிறோம். நான்கு பக்கமும் சனம். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராதனையில் மேடையேற்றிய போது, கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் பார்க்கும் படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்தார். அந்த வழிவந்த ஆற்றுகைகளைப் பார்த்தே நான் கூத்தை அறிந்திருந்தேன். அவற்றின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் களரியில் முன்பக்கம் என்று ஒன்று இல்லை. ஒரே அடியை நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பிப் பாடும்போது, நான் தேடிக்கொண்டிருந்த சல்லியன் அங்கேதான் கிடைத்தான். மருமக்களை நோக்கிச் சவால் விடும் தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாடிக் கொண்டே திரும்பியபோது, களரியோரம் என் அக்காவின் இரு மகன்மாரும் பாயில் அமர்ந்து அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் தழுதழுத்து அடுத்த அடி மறந்தது. பிற்பாட்டுக்காரர் ஒரு கணமும் தாமதிக்காமல் அந்த அடியைத் தாங்களே எடுத்தார்கள்; நான் ஆட்டத்தில் சேர்ந்து, அதற்கடுத்த அடியில் பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பார்த்தவர்கள் அதை மறதியாக எண்ணவில்லை என்று பிறகு அறிந்தேன். அண்ணாவியார் மட்டும், "அந்த இடத்தில பாட்டு விட்டது சரி, தாளம் விடாததுதான் பெரிசு" என்றார்.

கிழக்கு வெளுக்கும் வேளையில் வாழி பாடி முடித்தோம். அதன் பின் வந்த நாட்களில், முழு உடுப்போடு வீடு வீடாகச் சென்று ஆடினோம். வைகாசிக் கண்ணகி சடங்குக்கு முன் எல்லாம் நிறைவேறியது.

இப்போது செய்துகொண்டிருப்பது எழுத்து வேலை. அண்ணாவியாரிடம் உள்ள மூலக் கொப்பியின் ஓரங்கள் செல்லரித்துப் போயிருக்கின்றன. பல இடங்களில் மை மங்கிவிட்டது. அதை மாலை நேரங்களில் அவர் அருகில் இருந்து பிரதி செய்கிறேன். எழுத்துத் தெளியாத இடங்களில் அவர் கண்ணை மூடிப் பாடுகிறார், நான் எழுதுகிறேன். இதுவரை 64 பக்கங்கள் முடிந்திருக்கின்றன. சல்லியன் இன்னும் களரிக்கு வரவில்லை.