நுரையீரல் பயாப்சி: எங்கே குத்துவது, எடுத்ததை எப்படிக் காப்பது

நுரையீரலில் கட்டி இருப்பது சிடி ஸ்கேனில் தெரிந்ததும் பேச்சு முழுக்க அந்தக் கட்டியைச் சுற்றியே போகும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பயாப்சிக்காக, அதாவது சோதிக்கத் துணுக்குத் திசு எடுப்பதற்காக, எந்த இடத்தில் குத்தினால் நோயின் வகையும் நிலையும் சேர்ந்தே தெரியும்?

கழுத்தெலும்புக்கு மேலே நிணநீர்க் கணு வீங்கியிருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்து அதிலேயே எடுத்துவிடலாம். அதில் புற்றுச் செல் இருந்தால் நோய் குறைந்தது மூன்றாம் நிலை. நுரையீரலைத் தொடவே தேவையில்லை. நெஞ்சில் நீர் கோத்திருந்தால் 50 மி.லி.யாவது எடுத்து, செல்களைத் திரட்டி மெழுகில் பதித்து 'செல் பிளாக்' செய்யச் சொல்ல வேண்டும். நீரில் புற்று இல்லை என்று ஒருமுறை வந்துவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.

பெரிய மூச்சுக்குழாயில் கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டு எடுப்பது. ஐந்து துணுக்காவது வேண்டும். கட்டியின் மேல்பரப்பு பல சமயம் செத்த சதைதான், அதனால் எடுத்த குழியிலேயே மறுபடி ஆழமாக எடுப்பது நல்லது. மார்பின் நடுவிலுள்ள கணுக்களுக்கு இபஸ்: மூச்சுக்குழாய்க்குள்ளிருந்தே அல்ட்ராசவுண்ட் பார்த்து 21 அல்லது 22 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு; எண் கூடினால் ஊசி மெல்லியது) ஊசியால் ஒவ்வொரு கணுவிலும் மூன்று முறையாவது குத்துவார்கள். இங்கே வரிசை முக்கியம். கட்டிக்கு எதிர்ப்பக்கக் கணுவில் தொடங்கி கட்டியை நோக்கி வர வேண்டும். தலைகீழாகப் போனால் ஊசியில் ஒட்டிய செல்கள் தூரத்துக் கணுவில் கலந்து, அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புள்ளவரை வாய்ப்பில்லாதவராகக் காட்டிவிடும்.

ஓரத்தில் இருக்கும் கட்டிக்கு சிடி பார்த்துக் குத்தும் ஊசி. வெளி ஊசி ஒன்றை நிறுத்தி, அதனுள்ளே திசுவைத் துண்டாக வெட்டி எடுக்கும் 18 அல்லது 20 கேஜ் கோர் ஊசியைப் பலமுறை விடுவதால் நுரையீரல் உறையில் ஒரே ஓட்டைதான் விழும். விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்த வேண்டும், ரத்தக்குழாய் கீழ் விளிம்பில் ஓடுகிறது. உள் கம்பியை உருவியதும் ஊசியின் வாயை விரலால் மூடாவிட்டால், நோயாளி மூச்சிழுக்கும்போது காற்று ரத்தத்தில் ஏறக்கூடும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி வருவது உறைக்குள் காற்றுக் கசிவு. எம்பிசீமா (நுரையீரல் காற்றறைகள் சிதைந்த நோய்) உள்ளவர்களுக்கும் ஆழத்திலுள்ள சிறு கட்டிகளுக்கும் அதிகம். முடிந்ததும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, சில மணி நேரம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெரிய கட்டியின் நடு செத்துப்போயிருக்கும், அதனால் விளிம்பில் எடுங்கள்.

என்னைக் கேட்டால், பாதிப் பயாப்சி வீணாவது எடுத்த பிறகுதான். திசு உடனே திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போய் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். காசநோய் சந்தேகம் இருந்தால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒரு துணுக்கைத் தனியாக சலைனில் (உப்புநீர்) போடுங்கள். ஃபார்மலினில் கிருமி வளராது. எலும்பிலிருந்து எடுத்ததை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்தால் டிஎன்ஏ சிதையும், ஈடிடிஏ கரைசல்தான் சரி. புற்றின் வகை தெரிய டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு சாயங்களே பெரும்பாலும் போதும். சாயம் சாயமாகப் போட்டுத் திசுவைத் தீர்த்துவிட்டால் மருந்தைத் தீர்மானிக்கும் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 மரபணு மாற்றங்களைப் பார்க்க எதுவும் மிஞ்சாது. மெழுகில் பதித்த திசுவை, அதாவது பிளாக்கை, ஒவ்வொரு முறை வெட்டச் சமப்படுத்தும்போதும் திசு கழிகிறது. ஆகவே சாயமில்லாத ஸ்லைடுகளையும் முதல் தடவையிலேயே வெட்டச் சொல்லிப் படிவத்தில் எழுதுங்கள்.

திசு போதாதபோது ரத்தத்தில் மரபணு மாற்றம் தேடலாம். இருந்தால் அதை நம்பி மருந்து தரலாம். இல்லை என்று வந்தால் திரும்பவும் ஊசிதான்.