கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே கழிந்த ஒரு மாதம்

விலை குறைவு என்பதற்காகத்தான் அந்த 125 சிசி சீன ஸ்கூட்டரை வாங்கினேன். பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வந்தது. முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி எல்லாம் நானே மாட்டினேன். எஞ்சின் ஜிஒய்6 வகை. ஹோண்டாவின் பழைய வடிவமைப்பிலிருந்து கிளைத்து, தைவான் வழியாகச் சீனாவுக்குப் போய், இன்று பல ஆலைகள் செய்கிற எஞ்சின். அதன் மேல் 152கியூஎம்ஐ என்று பொறித்திருக்கும். 1 என்றால் ஒரு சிலிண்டர், 52 என்றால் சிலிண்டரின் உள்விட்டம் மில்லிமீட்டரில். உதிரிபாகம் வாங்க இந்த எண்தான் உதவும். பாடியில் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும். சூடான பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் சட்டென்று இறங்காது, சில நொடி அப்படியே இரைந்துகொண்டிருக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதற்கு இது நல்ல அடையாளம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஆலையிலேயே ஒரு பித்தளை மூடியால் அடைத்திருந்தார்கள். அதைத் துளைத்து எடுத்துவிட்டுத் திருகை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பினேன். ஒருநாள் நன்றாக ஓடும், மறுநாள் பழையபடி. மெதுவான ஓட்டத்தில் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்படியே ஒரு மாதம்.

காரணம் கார்புரேட்டரில் இல்லவே இல்லை. அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில், கலவை உள்ளே போகிற வளைந்த இன்டேக் குழாய் ஒன்று உண்டு. அதன் ரப்பரின் அடிப்பக்கம் மெல்லிய கீறல் விட்டிருந்தது. கழற்றிக் கையால் வளைத்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது திருகை எவ்வளவு திருப்பி என்ன? புதுக் குழாய் போட்டு, பழைய ஜெட்டையே திரும்ப மாட்டினேன். ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் ஓட்டம், அதாவது ஐட்லிங், நிதானமாக வந்தது.

ஆனாலும் காலை ஸ்டார்ட்டிங் முழுதாகச் சரியாகவில்லை. அப்புறம்தான் டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்தேன். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறி கோட்டுக்கு வரும்வரை திருப்ப வேண்டும். அப்போது இரண்டு ராக்கர்களும் கையால் அசைத்தால் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. என் வண்டியில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இல்லை. இடைவெளி இல்லாத வால்வு சரியாக மூடாது, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்) கசியும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுக்கும் 0.10 வைத்தேன். அந்த அளவில் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடுகிறது, அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்தே ஆக வேண்டும். எனக்கு மூன்று தடவை ஆனது. மறுநாள் காலை முதல் அமுக்கிலேயே எடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

இடையில் சைலன்சர் நட்டு, எஞ்சினைத் தாங்கும் போல்ட் எல்லாம் இறுக்கினேன். பாதி கையாலேயே சுழன்றன. எஞ்சின் ஆயிலை முதல் தடவை சீக்கிரமே மாற்றினேன், உலோகத் துகள் மினுமினுத்தது. வடிகட்டி உள்ள அடி மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து விழும், கவனம். பின்சக்கரத்து கியர் ஆயில் தனி. மிகக் கொஞ்சம்தான், ஆனால் அதையும் மாற்ற வேண்டும்.

கடைசியாகத்தான் வேரியேட்டர், அதாவது வேகத்துக்கேற்ப பெல்ட் வழியாகக் கியர் விகிதத்தைத் தானாக மாற்றும் பாகம். உள்ளே ஆறு ரோலர்கள், 18க்கு 14 மி.மீ. அளவு. எடை குறைந்த ரோலர் போட்டால் எஞ்சின் அதிகச் சுற்றில் நின்று இழுக்கும், பிக்கப் கூடும். நான் 13 கிராமை எடுத்துவிட்டு 11 போட்டேன். மேட்டில் முன்பு திணறிய வண்டி இப்போது தயங்காமல் ஏறுகிறது. சமதளத்தில் அதே வேகத்துக்கு இரைச்சல் கூடிவிட்டது, நீண்ட தூரம் போனால் காதுக்கு அலுப்பாக இருக்கிறது. அதனால் 12 கிராம் செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து பெல்ட் பார்க்க மூடியைத் திறக்கும்போது மாற்றிவிடுவேன்.